பழைய டேண்டம் சைக்கிள்: எக்சென்ட்ரிக் போல்ட் நான்கு சுற்றோடு நின்றுவிடுகிறது

இரட்டைமிதி:
வணக்கம். கைக்கு ஒரு பழைய பிரிட்டிஷ் டேண்டம் வந்திருக்கிறது. 1950களில் செய்தது என்று கொடுத்தவர் சொன்னார். ஃபிரேமில் மூன்று முறையாவது பெயின்ட் ஏறியிருக்கும், முத்திரை எதுவும் தெரியவில்லை. முன்னால் நான், பின்னால் மனைவி.

சிக்கல் முன் கிராங்கில். இரண்டு கிராங்கையும் இணைக்கும் இடது பக்கச் செயினை இறுக்க, அங்கே எக்சென்ட்ரிக் உருளை (கிராங்க் அச்சு நடுவில் இல்லாமல் விலகி அமைந்த உருளை) ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பிச் செயினைச் சரிசெய்து, அடியில் பிளவுபட்ட கூட்டை இரண்டு போல்ட் போட்டு நெருக்க வேண்டும். போன வாரம் இறுக்கும்போது ஒரு போல்ட் இறுகவே இல்லை, சுற்றிக்கொண்டே போனது. கழற்றிப் பார்த்தால் நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கிறது.

விட்டம் 7.9 மி.மீ. சரி, எம் 8 (8 மி.மீ. மெட்ரிக் போல்ட்) என்று நினைத்தேன். சாதாரண எம் 8, அதாவது மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி உள்ளது, ஒரு சுற்றுகூடப் பிடிக்கவில்லை. வேறொரு சைக்கிளின் கிராங்க் போல்ட் (எம் 8, 1 மி.மீ. மரை) கிடந்தது. கையாலேயே நான்கு சுற்று அழகாகப் போனது, அப்புறம் கெட்டி. உள்ளே துருவா? ஸ்பேனர் போட்டு அழுத்தலாமா?

கிரீஸ்கை:
துருவாகத்தான் இருக்கும். எம் 8, 1 மி.மீ. டேப் (உள்மரை வெட்டும் கருவி) ஒன்றை எண்ணெய் விட்டு உள்ளே ஓட்டுங்கள். பத்து நிமிட வேலை.

லேத்துமேசை:
தயவுசெய்து டேப்பும் விடாதீர்கள், ஸ்பேனரும் போடாதீர்கள். 1950களின் பிரிட்டிஷ் ஃபிரேம், விட்டம் 7.9, நாலு சுற்று போய் நிற்கிறது என்றால் எனக்குத் துருவின் மேல் சந்தேகமே வரவில்லை. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. பழைய பிரிட்டிஷ் சைக்கிள் மரையில் ஓர் அங்குலத்துக்கு 26 மரை. ஒரு மரைக்கு 0.977 மி.மீ. உங்கள் கிராங்க் போல்ட்டில் 1.0. இரண்டுக்கும் மரைக் கோணம் 60 பாகை, அதனால்தான் நல்ல பிள்ளை மாதிரி உள்ளே போகிறது. சுற்றுக்குச் சுற்று 0.023 மி.மீ. வித்தியாசம் சேர்ந்துகொண்டே வந்து, நாலாவது சுற்றில் இடைவெளி தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் அழுத்தினால் காதில் (போல்ட் ஏறும் கூட்டின் விளிம்பில்) இருக்கும் மரைதான் போகும். போல்ட் போனால் வேறு வாங்கலாம். காது போனால் பிரேசிங் (பித்தளை உருக்கி ஒட்டுவது) வரைக்கும் போக வேண்டும்.

விட்டத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, தேய்ந்த எம் 8-உம் 7.9 காட்டும். மரையை அளங்கள். 20 இடைவெளி எண்ணி வெர்னியரில் பாருங்கள். 20 மி.மீ. வந்தால் மெட்ரிக், 19.5 வந்தால் நான் சொன்னது.

இரட்டைமிதி:
அளந்தேன். 19.8! இப்போது என்ன செய்வது?

லேத்துமேசை:
நீங்கள் அளந்தது அந்த இடுப்பு ஒடுங்கிய போல்ட்டைத்தானே? அது இழுபட்டு நீண்டிருக்கிறது, மரையும் கூடவே நீண்டிருக்கும். அதன் அளவை நம்ப முடியாது. நல்ல போல்ட்டைக் கழற்றி அளங்கள்.

இரட்டைமிதி:
ஆமாம், ஒடுங்கியதைத்தான் அளந்திருக்கிறேன் அண்ணா. மற்ற போல்ட்டையும் இப்போது அளந்தேன்: 19.53.

கிரீஸ்கை:
டேப் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒரு கேள்வி: காதின் மரையை டிரில்லால் எடுத்துவிட்டு, எம் 8 போல்ட்டை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் நட் போட்டால் என்ன?

லேத்துமேசை:
எம் 8 தாராளமாக நுழைய 8.4 மி.மீ. ஓட்டை வேண்டும். காதில் சதை குறைவு. ஒருமுறை துளைத்தால் திரும்பி வர முடியாது. அவசரத்துக்கு வேறு வழி இருக்கிறது, துளைக்கவே வேண்டாம். இந்த மரையின் உள்விட்டம் 6.9 மி.மீ. அளவில் இருக்கும், எம் 6 சும்மாவே நுழையும். 8.8 தரத்தில் எம் 6 போல்ட் ஒன்று, இரண்டு பக்கமும் தடித்த வாஷர், பின்னால் நட். சுமார் 10 நியூட்டன் மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்க்க இது போதும். மேட்டில் இரண்டு பேரும் எழுந்து நின்று மிதிக்க வேண்டாம், எக்சென்ட்ரிக் நழுவும்.

கிக்கர்:
சைக்கிள் கடைகளில் தேடி அலையாதீர்கள். 5/16-இல் 26 மரை என்பது பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு அன்றாடப் பேச்சு. பி.எஸ்.ஏ., ட்ரையம்ஃப், நார்ட்டன் எல்லாவற்றிலும் அது இருந்தது. அந்த வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்பவர்களிடம் 'சி.இ.ஐ. 26' (அந்தப் பழைய பிரிட்டிஷ் சைக்கிள் மரையின் பெயர்) என்று கேளுங்கள், புதிதாகவே செய்து விற்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகில் தந்தால் மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டாதீர்கள், கவ்விக்கொண்டால் கழற்ற முடியாது. என்னைக் கேட்டால் இந்த வேலைக்குச் சாதாரண எஃகு போதும்.

இரட்டைமிதி:
பத்து நாள் கழித்து வருகிறேன். கிக்கர் அண்ணா சொன்ன வழியில் நான்கு போல்ட் கிடைத்தன. விரலாலேயே கடைசிவரை போனது, நின்று நின்று ரசித்தேன். ஆனால் நீளம் 12 மி.மீ. அதிகம், முனை கிராங்கின் உள்பக்கத்தில் இடிக்கிறது. அறுக்கலாமா?

கிக்கர்:
அறுங்கள். முதலில் அதே மரையுள்ள நட் ஒன்றைத் தலைப்பக்கம் ஏற்றிவிட்டு அறுங்கள். அரத்தால் முனையைச் சாய்வாக ராவிவிட்டு நட்டைக் கழற்றினால், அது வெளியே வரும்போதே முதல் மரையை நேராக்கிவிடும்.

இரட்டைமிதி:
முடிந்தது. பழைய 'நல்ல' போல்ட்டையும் கழற்றிப் போட்டுவிட்டேன், கண்ணருகே வைத்துப் பார்த்தால் அதிலும் லேசாக இடுப்பு விழுந்திருந்தது. செயினை நடுவில் அமுக்கினால் அரை அங்குலம் ஆடுகிறது. இன்று காலை இரண்டு பேருமாக 20 கி.மீ. போய்வந்தோம், உருளை அசையவில்லை. சீட் போல்ட்டையும் இதே அளவு என்று நினைத்து ஒன்றைத் திருகப் போனேன், நல்லவேளை நிறுத்தினேன். அதை யாரோ எப்போதோ எம் 8-க்கு மாற்றியிருக்கிறார்கள்.

லேத்துமேசை:
ஒவ்வொரு ஓட்டைக்கும் என்ன மரை என்று சீட்டு எழுதிக் கருவிப்பெட்டியில் ஒட்டிவிடுங்கள். மீந்த இரண்டு போல்ட்டையும் அதே பெட்டியில் போடுங்கள். 100 கி.மீ. ஆனதும் இறுக்கத்தை ஒருமுறை பாருங்கள்.