போலீஸ்காரங்க மனநல வைத்தியத்துக்கு நம்ம வரிப்பணமா?

மார்த்தாண்டம்காரன்:
டூட்டில ஏற்படுற அதிர்ச்சி, மன அழுத்தத்துக்கு போலீசுக்குன்னு தனியா அரசு செலவுல வைத்தியம் குடுக்கணும்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. எனக்கு ஒப்பல. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல அப்பனும் மவனும் ஸ்டேஷன்ல அடிபட்டு செத்தாங்கல்லா, அந்த மாதிரி குடும்பங்க ராத்திரி தூங்குதான்னு எவனாவது கேட்டானா, செலவு பண்ணுகதா இருந்தா முதல்ல அங்க பண்ணட்டும். ஜிஎச்ல மனநல டாக்டர் சும்மாவேதான பாக்காரு.

ஏட்டு மகள்:
அண்ணே, சாத்தான்குளத்துக்கு நான் சாக்கு சொல்லமாட்டேன். எங்க வீட்டுக் கதைய மட்டும் சொல்லுகேன். 2017 ஒக்கி புயல்ல கடல்ல செத்தவங்க உடம்பு வந்தப்ப அப்பாக்கு மார்ச்சுவரி டூட்டி. முகம் தெரியாத உடம்புகளாக்கும், டிஎன்ஏ பாத்துதான் பலத குடுத்தாங்க. ஒவ்வொரு அம்மையும் வந்து மவன் போட்டிருந்த சட்டை நிறத்த சொல்லிச் சொல்லி அழ, இவரு பக்கத்துல நின்னு நோட்டுல எழுதணும். மீன் இல்லாம சோறு எறங்காத மனுஷன், அதுக்குப் பெறவு வீட்டுல மீன்சட்டி அடுப்புல ஏறினதே இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு முற்றத்துல நிப்பாரு.

ஜிஎச்சுக்கு வாங்கன்னா, தெரிஞ்சவன் எவனாவது பாத்து ஸ்டேஷன்ல சொன்னா கிறுக்கன்னு பேரு விழுந்துரும்னு பயம். கடைசில பார்டர் தாண்டி திருவனந்தபுரத்துல பிரைவேட்டா காட்டுனோம், அம்மை வளையல் இன்னும் அடகுலதான் கெடக்கு.

பாறசாலை பஸ்:
2020 ஜனவரி 8 ராத்திரி களியக்காவிளை செக்போஸ்ட்ல ஸ்பெஷல் எஸ்ஐ வில்சன சுட்டுக் கொன்னாங்க, குடும்பத்துக்கு அரசு 1 கோடி குடுத்துச்சு, குடுக்க வேண்டியதுதான். அதுக்குப் பெறவு நைட் டூட்டிக்கு அங்க போய் உக்காந்தவன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? போலீசுக்கு வாரம் ஒரு நாள் லீவுன்னு 2021 நவம்பர்ல அரசாணை போட்டாங்க, லீவு குடுத்தா மட்டும் இது தீருமா?

மார்த்தாண்டம்காரன்:
தங்கச்சி, அப்பா பாடு கேக்க சங்கடமா இருக்கு. ஆனா நாளைக்கு லாக்கப்ல அடிச்சவனும் எனக்கு டென்ஷன்னு கோர்ட்ல சர்டிபிகேட் நீட்டுவானே, அப்ப என்ன செய்ய?

ஏட்டு மகள்:
அடிச்சவன் மேல கேஸ் நடக்கட்டும், ஜெயிலுக்குப் போகட்டும், வைத்தியம் பாக்கதுனால குத்தம் இல்லன்னு ஆயிருமா? நான் கேக்கது ஒண்ணே ஒண்ணு, பணம் அரசு கெட்டட்டும், டாக்டர் டிபார்ட்மெண்டுக்கு வெளிய உள்ள ஆளா இருக்கட்டும், அந்த ஃபைல் இன்ஸ்பெக்டர் மேசைக்குப் போவப்படாது. இது இல்லாம எத்தன கோடி ஒதுக்கினாலும் எங்க அப்பா மாதிரி ஆளு உள்ள காலு வைக்கமாட்டாரு.

மார்த்தாண்டம்காரன்:
அடிபட்டவனுக்கும் அதே டாக்டர், அதே செலவுன்னா நான் சரிம்பேன். இல்லன்னா இல்ல.

ஏட்டு மகள்:
அதுக்கு நானும் கையெழுத்துப் போடுகேன் அண்ணே.

பாறசாலை பஸ்:
டெலிமானஸ்னு அரசு மனநல உதவி போன் இருக்குல்லா, அந்த 14416க்கு அப்பாவ பேசச் சொல்லி பாத்தியா மக்ளே? காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

ஏட்டு மகள்:
காலண்டர் பக்கத்துல எழுதி ஒட்டியிருக்கேன். பாத்தாரு, கிழிக்கல. இன்னும் கூப்பிடவும் இல்ல.