மொட்டை மாடிக்குக் கீழ் அறை: 1.5 டன்னா, 2 டன்னா?

ஏசி போட்டு அனுபவமுள்ளவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள். அறை 12×14 அடி, உயரம் 10 அடி. கடைசி மாடி, மேலே வெறும் கான்கிரீட் தளம், மேற்கே 6 அடி அகல ஜன்னல். இரவு பதினொரு மணிக்கும் கூரை அனலாக இறங்குகிறது.

168 சதுர அடிக்கு 1 டன், அதாவது மணிக்கு 12,000 பிடியு (வெப்ப அலகு) வெப்பத்தை வெளியேற்றும் திறன், போதும் என்று சிலர் சொல்வார்கள். வெயில் வாங்கும் கூரைக்கு அது பத்தாது. அதற்காக 2 டன் போட்டால், அதிலும் இன்வெர்ட்டர் (தேவைக்கேற்ப கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இல்லாததாக இருந்தால், அறை சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் அடிக்கடி நின்றுவிடும். காற்றின் ஈரம் போகாமல் பிசுபிசுப்பு மிஞ்சும். அதனால் 1.5 டன் இன்வெர்ட்டர் பக்கம்தான் மனம் சாய்கிறது. மாடியில் வெள்ளைப் பூச்சு அடித்து, ஜன்னலுக்கு வெளியே மறைப்பு கட்டிய பிறகும் இது திணறுமா?

பெரிய கவலை அவுட்டோர் யூனிட். பால்கனியில் வைத்தால் எதிரே இரண்டடியில் சுவர். விட்ட சூடான காற்றையே திரும்ப இழுக்கும். மாடிக்குக் கொண்டுபோனால் செம்புக் குழாய் 9 மீட்டர் ஆகிறது. அந்த நீளத்துக்கு ஆர்32 கேஸ் (ஏசிக்குள் சுற்றும் குளிரூட்டும் வாயு) கூடுதலாக ஏற்ற வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். இரண்டில் எது பரவாயில்லை?

வயரிங் பிரச்சினையில்லை, தனி லைனும் 20 ஆம்பியர் எம்சிபியும் (மின்சாரம் அளவுமீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கின்றன. பொருத்துபவர் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் போடாமல், கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றினால் போதும் என்கிறார். குழாயில் ஈரம் தங்கிவிடுமே, ஒத்துக்கொள்ளலாமா?