நீர்க்க நீர்க்க பிஓடி ஏறுகிறது: எந்த எண்ணை நம்புவது?

கேள்வி:
துணி வெளுக்கும் ஆலையொன்றின் கழிவுநீரை 27 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் வைத்துப் பிஓடி (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) பார்க்கிறோம். அதே மாதிரியைக் கூடுதலாக நீர்க்கும்போதெல்லாம், நீர்த்த மடங்கால் பெருக்கிக் கணக்கிட்டபின் வரும் மதிப்பும் கூடுகிறது. நீர்க்காமல் சுவாசமானிக் குடுவையில் (அழுத்தக் குறைவைக் கொண்டு சுவாசத்தை அளக்கும் மூடிய குடுவை) வைத்தாலோ, முதல் நாள் முழுவதும் அழுத்தம் குறையவே இல்லை. கருவி பழுதா, நீர் அப்படிப்பட்டதா?

மறுமொழி 1:
கருவியைச் சந்தேகிக்கும் முன் நீரைச் சந்தேகியுங்கள். நுண்ணுயிர்கள் சுவாசித்து வெளிவிடும் கரியமில வாயுவை மூடியிலுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு உறிஞ்சிக்கொள்வதால், அவை எடுத்துக்கொண்ட ஆக்சிஜனின் அளவுக்குக் குடுவையின் அழுத்தம் குறைய வேண்டும். அது குறையவில்லை என்றால் உயிர்கள் முடங்கியிருக்கலாம். அல்லது வேறெங்கிருந்தோ ஆக்சிஜன் வந்துகொண்டிருக்கலாம். வெளுப்பாலைக் கழிவில் இரண்டுக்கும் இடமுண்டு: எஞ்சிய குளோரின் நுண்ணுயிர்களைக் கொல்லும்; எஞ்சிய ஹைட்ரஜன் பெராக்சைடோ சிதைந்து ஆக்சிஜனை வெளியிட்டு, நடந்த சுவாசத்தை மறைத்துவிடும். அதிகம் நீர்க்கும்போது இவ்விரண்டும் நீர்த்துப்போவதால்தான் மதிப்பு ஏறுகிறது. குளோரின் இருந்தால், அளந்து பார்த்துத் தேவையான அளவு மட்டும் சோடியம் சல்பைட் சேருங்கள். பெராக்சைடு இருந்தால், திறந்த பாத்திரத்தில் நன்கு கலக்கி, கரைந்த ஆக்சிஜன் மேலும் ஏறாத நிலை வரும்வரை காத்திருங்கள். அதன்பின் விதை நுண்ணுயிரை, அதாவது சிதைவைத் தொடங்கிவைக்க வெளியிலிருந்து இடும் நுண்ணுயிர்களை, சேர்க்க மறவாதீர்கள்.

மறுமொழி 2:
மேற்சொன்னதோடு ஒன்று. குளுக்கோஸ், குளுட்டாமிக் அமிலம் இரண்டையும் லிட்டருக்கு 150 மி.கி. வீதம் கரைத்த சோதனைக் கரைசலை ஒரு குடுவையில் தனியாகவும், மற்றொன்றில் உங்கள் கழிவுநீருடன் கலந்தும் வையுங்கள். தனிக் குடுவையில் சுவாசம் சீராக நடந்து, கலந்ததில் மட்டும் தடைபட்டால், விதையில் குறையில்லை, தடை கழிவுநீரிலேயே உள்ளது என்பது ஐயமின்றித் தெரியும். சில நாள் கழித்து ஆக்சிஜன் செலவைக் காட்டும் வளைகோடு இரண்டாம் முறை ஏறினால் அது பெரும்பாலும் அம்மோனியா நைட்ரேட்டாவதன் விளைவு. அல்லைல்தயோயூரியா இட்டு அதைத் தடுக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. அறிக்கையில் எந்த மதிப்பை எழுத வேண்டும்?

மறுமொழி 1:
தடையை நீக்கியபின் வெவ்வேறு நீர்ப்புகளில் எடுத்த மதிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துவர வேண்டும்; ஒத்துவந்தால் அவற்றின் சராசரியை எழுதலாம். லிட்டருக்குக் குறைந்தது 2 மி.கி. ஆக்சிஜன் செலவாகி, இறுதியில் 1 மி.கி.யாவது எஞ்சிய புட்டிகளை மட்டுமே கணக்கில் சேருங்கள். ஆற்றில் விடும் நீரின் பிஓடிக்கு லிட்டருக்கு 30 மி.கி. என்ற வரம்பு இருக்கையில், நஞ்சால் தாழ்ந்த எண்ணைக் காட்டித் தப்புவது ஆற்றுக்குச் செய்யும் தீங்கு.