பல் அடைத்துக்கொண்டவர்களின் அனுபவம்: "சரியாக இருக்கிறது" என்று ஏன் சொன்னேன்?

தண்டையார்பேட்டை தையல்:
கீழ்க் கடைவாய்ப்பல்லில் சொத்தை. எல்லாருக்கும் தெரிந்த கதைதான், நீட்டவில்லை. ஊசி போட்டார்கள், குடைந்தார்கள், வெள்ளை அடைப்பு வைத்து நீல விளக்கைக் காட்டினார்கள். எனக்குள் இன்னும் உறுத்துவது அதற்கு அடுத்த அரை நிமிடம். டாக்டரம்மா ஒரு நீலத் தாளைப் பற்களுக்கு நடுவில் வைத்து, "கடியுங்கள், உரசிப் பாருங்கள். உயரமாகத் தெரிகிறதா?" என்று கேட்டார். உதடும் நாக்கும் பாதி மரத்துக் கிடந்தன. கடிக்கிறேனா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். "சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

மரப்பு இறங்கிய அன்று இரவே தெரிந்துவிட்டது. வாயை மூடினால் அந்த ஒரு பல்தான் முதலில் முட்டியது. சோற்றுப் பருக்கையைக்கூட அந்தப் பக்கம் மெல்ல முடியவில்லை. அடைத்தால் இப்படித்தான் இருக்கும்போல என்று பதினாறு நாள் பொறுத்துக்கொண்டேன். பதினேழாம் நாள் போனபோது அதே நீலத் தாள், ஆனால் ஊசி இல்லை. நீலம் அழுத்தமாக ஒட்டிய இடத்தை இரண்டு முறை தேய்த்தார், அவ்வளவுதான். எழுந்து வாயை மூடினேன். மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றாகச் சேர்ந்தன. அழுகை வந்துவிட்டது. ஒரு நிமிட வேலைக்காகப் பதினாறு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

காசிமேடு ஏலக்கூடம்:
உங்களுக்காவது பல் மிஞ்சியது அக்கா. எனக்கு முப்பத்தொரு வயதில் பிடுங்கிவிட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்கு நிற்க வேண்டும், தூக்கமே இல்லாமல் வலி. பக்கத்தில் இருந்த ஒருவரிடம் போனேன். "பிடுங்கிவிடலாம், நாளைக்கே வேலைக்குப் போகலாம்" என்றார். எக்ஸ்ரே படம் எதுவும் எடுக்கவில்லை. நானும் தலையாட்டினேன்.

தட்டில் கிடந்த பல்லைப் பார்த்தபோதுதான் மனம் உடைந்தது. இரண்டு வேரும் முழுசாக, வெள்ளையாக இருந்தன. மேலே கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். கைக்குட்டையில் மடித்து வீட்டுக்கு எடுத்துவந்தேன். இப்போது ஆறு வருடம் ஆகிறது. பல் பிடுங்கிய இடத்துக்கு நேர் மேலே இருந்த பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவிட்டது. பக்கத்துப் பல் சாய்ந்துவிட்டது. நண்டு ஓட்டைக் கடிக்கும்போதெல்லாம் அந்தப் புள்ளி கண்முன் வருகிறது. அடைத்திருந்தால் போதாதா?

கொருக்குப்பேட்டை செவிலி:
அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் கடுகளவு புள்ளிதான் என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. பல்லின் மேல் உறையான எனாமல் கடினமானது, அதில் துளை சிறிதாகத்தான் தெரியும். அதற்குள்ளே இருக்கும் டென்டின் என்ற அடுக்கு அதைவிட மென்மையானது. சொத்தை அங்கே போய்ச் சேர்ந்ததும் பக்கவாட்டில் பரவும். வெளியே கடுகு, உள்ளே குகை. தூக்கம் போகிற அளவுக்கு வலித்தது என்றால் நடுவில் நரம்பு இருக்கும் கூழ் வரைக்கும் போயிருக்கலாம். அந்த நிலையில் வெறும் அடைப்பு வைத்தால் நோய் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், வேர் சிகிச்சைதான் செய்ய வேண்டும். படம் எடுக்காமல் பிடுங்கியது தவறு என்பதில் எனக்கும் உங்கள் கோபம் உண்டு.

என் கதை சின்னது. கடற்கரை நிலையத்தில் ரயில் மாறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி. மாணவி ஒருவர்தான் அடைத்தார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆனது, ஆசிரியர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்த்தார். சொத்தையைச் சுரண்டி முடித்ததும் அந்தப் பெண் கையில் கண்ணாடியைக் கொடுத்து, "இப்போது பாருங்கள் அக்கா, சுத்தமாகிவிட்டது" என்று காட்டினார். என் பல்லின் உட்புறத்தை அன்றுதான் பார்த்தேன், மஞ்சள் தந்தம் மாதிரி. அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் வாரம் ஒருவர் கன்னம் வீங்கி வருகிறார்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்று வலித்து உடனே அடங்கினால் பெரும்பாலும் அடைப்பிலேயே காப்பாற்றலாம், அப்போதே போங்கள். சூடு பட்டு வலித்து, சூடு போன பிறகும் விண்விண் என்று தெறித்துக்கொண்டே இருந்தால் கூழ் கெட ஆரம்பித்துவிட்டது. இரண்டு பற்களுக்கு நடுவில் விழும் சொத்தை கண்ணாடியில் தெரியாது, படத்தில்தான் தெரியும். கிராம்புத் தைலம் தடவலாம், வலி அடங்கும், சொத்தை நிற்காது. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறின் மேல் வைத்துப் படுக்கவே கூடாது, சதை வெந்துபோகும். வெள்ளை அடைப்பு என்றால், வைக்கும்போது பல் உலர்ந்திருக்க வேண்டும். முதலில் ஓர் அமிலக் களிம்பு பூசிப் பல்லைச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, அப்புறம் சுமார் இரண்டு மில்லிமீட்டர் வீதம் அடுக்கடுக்காக வைத்து ஒவ்வொன்றையும் நீல விளக்கில் இறுக்குவார்கள். நடுவில் எச்சில் பட்டால் ஒட்டாது. அதனால்தான் பஞ்சை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த நேரத்தில் பேசாதீர்கள், நாக்கை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஊசியின் மரப்பு இறங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அதுவரை சாப்பிட்டால் கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள்.

திருவொற்றியூர் அம்மா:
பெரியவர்களின் பல்லையே பேசுகிறீர்கள். என் மகளுக்கு ஆறு வயது, பால் கடைவாய்ப்பல்லில் ஓட்டை. "விழப்போகிற பல்தானே, விடு" என்று மாமனார் சொன்னார். மாமியார் குழந்தையிடம், பல்லில் பூச்சி இருக்கிறது, அதுதான் தின்கிறது என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் நடுராத்திரி எழுந்து பார்த்தால் பிள்ளை வாயை அகலமாகத் திறந்தபடி மல்லாந்து படுத்திருக்கிறாள். என்னடி கண்ணு என்றேன். "பூச்சி வெளியே போகட்டும் என்று திறந்து வைத்திருக்கிறேன் அம்மா" என்றாள். அந்த ராத்திரி நான் தூங்கவில்லை.

மறுநாளே கூட்டிப்போனேன். அந்தப் பல் விழப் பத்து, பன்னிரண்டு வயது ஆகுமாம். அதுவரை நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அதுதானாம். கண்ணாடி அயனோமர் என்ற சிமெண்ட் வைத்தார்கள். வெள்ளை அடைப்பைவிட வலு குறைவுதான், ஆனால் ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும், தானாகவே பல்லில் ஒட்டும், ஃபுளோரைடையும் மெல்ல மெல்ல விடும். டாக்டர் குழந்தையிடமே, "பூச்சி எதுவும் கிடையாது. நீ தின்ற மிட்டாயைக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தின்று அமிலம் விடுகின்றன, அது பல்லைக் கரைக்கிறது" என்று சொன்னார். அப்படியும் வீட்டுக்கு வந்ததும் என் காதில், "அது செத்துவிட்டதா அம்மா?" என்று கேட்டாள்.

பெரம்பூர் பழைய மில் தொழிலாளி:
எனக்கு 1987இல் வைத்த வெள்ளி அடைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. மில்லையே 1996இல் மூடிவிட்டார்கள், அடைப்பு நிற்கிறது. பேரன் கொடுத்த சாக்லேட்டில் பளபளப்புத் தாள் கொஞ்சம் ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் கடித்தேன். மின்சாரம் அடித்தது போலத் தலை வரைக்கும் ஒரு வெட்டு! அலுமினியத் தாளும் அடைப்பில் இருக்கும் உலோகமும் எச்சிலில் சேர்ந்தால் சின்ன பேட்டரி ஆகிவிடும் என்று பிறகு டாக்டர் விளக்கினார்.

மூலக்கொத்தளம் வாசகர்:
ஐயா, அதில் ஏறக்குறையப் பாதி பாதரசம். உடனே எடுத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரியிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

கொருக்குப்பேட்டை செவிலி:
தம்பி, தயவுசெய்து இப்படிப் பயமுறுத்தாதீர்கள். புதிதாக வைப்பதைத்தான் நிறுத்தினார்கள், அதுவும் மிக அவசியமான நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. பாதரசம் சுற்றுச்சூழலில் கலக்கக் கூடாது என்பது அதற்குப் பெரிய காரணம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் உலக நாடுகள் உருவாக்கிய மினமாட்டா உடன்படிக்கையும் அதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லியது. பாதரசம் வெள்ளி, தகரம், செம்போடு சேர்ந்து இறுகிவிட்ட பிறகு வெளிவரும் ஆவி மிகக் குறைவு. நன்றாக இருக்கும் அடைப்பைக் குடைந்து எடுக்கும்போதுதான் அது அதிகமாகக் கிளம்பும், நல்ல பல்லும் கூடவே தேயும். ஐயா, ஓரத்தில் விரிசலோ புதுச் சொத்தையோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசிமேடு ஏலக்கூடம்:
தங்கச்சி, நீங்கள் குகை என்று சொன்னதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. டப்பாவிலிருந்த பல்லை நேற்று வேறொரு டாக்டரிடம் எடுத்துப்போனேன். பூதக்கண்ணாடியில் பார்த்தார், கூரான கம்பியால் அந்தப் புள்ளியைக் குத்தினார். கம்பி உள்ளே போனது, நான் நினைத்ததைவிட ஆழமாக. காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். "வாயில் இருந்தபோது எடுத்த படம் இருந்தால் சொல்லியிருப்பேன்" என்றார். பல்லைத் திரும்ப மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.