புதுப்பிப்பு: கத்தரியில் வந்த மாவுப்பூச்சி

மாடியில் ஆடிப்பட்டத்தில் போட்ட கத்தரிச் செடிகள் மாவுப்பூச்சியால் வெளுத்துவிட்டன, பிடுங்கிவிடவா, பூச்சிமருந்து அடிக்கவா என்று போன மாதம் கேட்டிருந்தேன். மருந்து அடிக்கவில்லை. ஆறில் நான்கு பிழைத்துவிட்டன!

மோசமான இரண்டையும் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்தினேன். மற்றவற்றின் இலைகளை, அடிப்பக்கம் உட்பட, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினேன். அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். வாரம் ஒருமுறை, வெயில் தாழ்ந்த பிறகு. ஆனால் உண்மையான தலைவலி எறும்புதான். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக அதைக் காவல் காக்கிறது, செடிக்குச் செடி தூக்கிக்கொண்டும் போகிறது. தண்ணீர்த் தட்டின் நடுவே செங்கல் வைத்து, அதன்மேல் தொட்டியை ஏற்றிய பிறகுதான் அடங்கியது. கொசு வராமல் இருக்க, தட்டுத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

நேற்று முதல் பறிப்பு, ஒன்பது காய். காம்பு முள் விரலில் ஏறியதுகூடச் சந்தோஷமாக இருந்தது. எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தோம், சட்டி காலி.

மாடியில் வளர்க்கும் கீரையைச் சாப்பிட்டு, சர்க்கரை நோய் உள்ள அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்ததா என்று சிலர் கேட்டீர்கள். மாத்திரை அப்படியே தொடர்கிறது, அதை நிறுத்தச் சொல்லவே மாட்டேன். ஆனால் வாரம் ஒருநாள் கீரை தொட்டவர் இப்போது நான்கு நாள் சாப்பிடுகிறார். காலையில் கிள்ளிய அரைக்கீரை மதியம் கடைசலாகிவிடுகிறது, அவரே மறுமுறை கேட்டு வாங்குகிறார். எனக்கு இது பெரிய நிம்மதி.

காலியான இரண்டு தொட்டியிலும் மண்ணை வெயிலில் காயவைத்திருக்கிறேன். அடுத்து வெண்டை.