பொருள்: ஸ்டோமாவுக்குத் தமிழ், வெள்ளிக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், கோலாலம்பூர்:
வணக்கம். முற்றிய சூலகப் புற்றுநோய்க்காகக் குடலிலும் அறுவை செய்துகொண்ட பெண்களுக்கான கையேடு, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நோய் பக்கத்துக் குடலில் பரவியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுக்கிறார்கள். உடனே இணைத்துத் தைக்க முடியாவிட்டால் குடல்முனையை வயிற்றின் வழியே வெளியே எடுத்துவிடுகிறார்கள். அந்தத் திறப்புதான் ஸ்டோமா. 'மலவாய்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

ஆசிரியை, பினாங்கு:
தம்பி, மலவாய் ஏற்கெனவே ஆசனவாய்க்குப் பெயர். நன்னூலில் இடக்கரடக்கல் எதற்கு இருக்கிறது? 'கால் கழுவி வந்தேன்' என்று சொல்லி வளர்ந்த பெண்ணிடம் 'மல' என்று தொடங்கும் தாளை நீட்டாதீர்கள். 'குடல்வாய்' போதும். கிரேக்கத்திலும் ஸ்டோமா என்றால் வாய்தான்.

செந்தூல் ஐயா:
வாயில் என்பதே இல்வாய். முன்பின் மாறிய இலக்கணப் போலி. கால்வாய் வாய்க்கால் ஆனதும் அப்படியே. அந்த வழியில் 'வாய்க்குடல்' என்றால் என்ன குறை? 'துவாரம்' மட்டும் வேண்டாம், வடசொல்.

ஆசிரியை:
ஐயா, வாய்க்குடல் என்றால் தொண்டைக்குக் கீழே எங்கோ இருப்பதாக நினைப்பார்கள்.

தாதி, கோலாலம்பூர்:
வார்டில் எல்லாருக்கும் அது 'பை'தான். "மிஸ்ஸி, பை நெறஞ்சிருச்சு." ஆனால் பை வேறு, அது ஒட்டும் இடம் வேறு. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டியது பை. ஒட்டும் தட்டில் ஓட்டை வெட்டும்போது 2, 3 மில்லிமீட்டர் கூட விட்டு அளவெடுக்க வேண்டியது மற்றது. குடல்வாய் எனக்கு ஓகே. பார்க்கவும் வாயின் உட்புறம் மாதிரிச் சிவந்து ஈரமாகத்தான் இருக்கும். ஆனால் வலி தெரியாது. உடை உராய்ந்து புண்ணானாலும் தெரியாது. அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

அப்புறம் உங்கள் கையேட்டில் வரும் அந்த 'வாழ்க்கைத் தரம்'. புற்றுநோயாளிகளிடம் நலம் விசாரிக்கும் சி30 கேள்வித்தாளின் 30ஆவது கேள்வியே அதுதான், 1 முதல் 7 வரை வட்டமிட வேண்டும். நான் கேட்டால், வரும்படியைக் கேட்பதாக நினைத்து, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான பி40 உதவி வரவில்லை என்கிறார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது வேறு: பத்துமலையில் 272 படி ஏறலாமா, கல்யாண வீட்டில் நாறுமா, கணவர் பக்கத்தில் படுப்பாரா.

செந்தூல் ஐயா:
'வாழ்நலம்'.

மொழிபெயர்ப்பாளர்:
காப்புறுதித் திட்டத்தின் பெயர் மாதிரி இருக்கிறது ஐயா. 'அறுவைக்குப் பின் அன்றாடம்' என்று தலைப்பிட்டு விடுகிறேன். கேள்வித்தாளை நான் தொடவில்லை. உங்களைத் தவிர மற்றவர்களுக்குக் குடல்வாய் சம்மதம். பக்கத்தில் ஸ்டோமா என்றும் இருக்கும்.

செந்தூல் ஐயா:
என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். தற்காலிகமாக வைத்ததைப் பிறகு மூடுவார்களே, அதை 'வாயை மூடுதல்' என்றா எழுதப் போகிறீர்கள்?