மெஷின் 28,000 என்றது, ஸ்லைடு வேறு சொன்னது

டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) படித்தபோது எனக்கு ஹெமட்டாலஜி, அதாவது ரத்தப் பரிசோதனைப் பாடம், பிடிக்கவே பிடிக்காது. ரத்த அணுக்களுக்கு நிறமேற்றும் லீஷ்மன் சாயம் விரலில் பட்டால் லேசில் போகாது. சாப்பிட உட்கார்ந்தாலும் நகக்கண் நீலமாக இருக்கும். ஸ்லைடில், அதாவது கண்ணாடித் துண்டில், ரத்தத்தை மெல்லிசாக இழுத்துப் பூசுவதுதான் ஸ்மியர்; அது மெலிந்து முடியும் நுனி வால். நான் இழுத்தவற்றில் பாதிக்கு வாலே இருக்காது.

பயிற்சிக்குப் போன லேபில் ஒரு நாள் ஒரு பாட்டியின் ரத்தம் வந்தது. காய்ச்சல் இல்லை, கண் ஆபரேஷனுக்கு முந்தைய சோதனைதான். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் (தட்டணு) 28,000தான் என்றது மெஷின். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். பதறிப்போய் சிவப்பு மையில் வட்டமிட்டுவிட்டேன். மேடம் தாளைப் பார்த்துவிட்டு, "ஸ்லைடு பாத்தியாம்மா?" என்றார். எங்கே பார்த்தேன்!

சாயம் ஊற்றி இரண்டு நிமிடம், பஃபர் கலந்து பத்து நிமிடம். எண்ணெய் விட்டு 100 எக்ஸ் லென்ஸில் நடுப்பகுதியைப் பார்த்தால் ஒரு ஃபீல்டில் (லென்ஸில் ஒரு தடவை தெரியும் வட்டத்தில்) ஒரு பிளேட்லெட், அடுத்ததில் அதுவும் இல்லை. மெஷின் சொன்னது சரிதான் என்று எழுந்தேன். மேடம் ஸ்லைடை வால்பக்கம் நகர்த்தினார். ஈரத்தில் கட்டிதட்டிய கோலமாவு மாதிரி, பிளேட்லெட்டுகள் ஊதா நிறத்தில் இருபது முப்பதாகச் சேர்ந்து கிடந்தன.

ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து சிலருடைய பிளேட்லெட்டுகளை இப்படி ஒட்டவைத்துவிடுமாம். உடம்புக்குள் ஒன்றும் ஆகாது. மெஷின் அணுவின் பருமனை வைத்து எண்ணுவதால் கட்டிகளைப் பிளேட்லெட்டாக எண்ணாமல் விட்டுவிடும். உறையாமல் தடுக்க வேறு மருந்தான சிட்ரேட் இருக்கும் நீல மூடி டியூபில் மறுபடி எடுத்தோம்: 1,92,000. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் கலந்திருப்பதால் 1.1 ஆல் பெருக்க வேண்டும். ஆக, இரண்டு லட்சத்துக்கும் மேல்.

*

இன்னொருவர் அனுபவம்: எனக்கு நேர்மாறு, ஸ்லைடே ஏமாற்றியது. நீலகிரியில் பழங்குடி கிராமங்களிலிருந்து வரும் ரத்தத்தில் சிக்கிள் செல் (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரைக் கோளாறு) பார்க்கும் பயிற்சி. ஒரு பெண்ணின் ஸ்மியரில் சிவப்பணுக்கள் எல்லாம் வட்டவட்டமாக, பாடப்புத்தகப் படம் போல. 'நார்மல்' என்று எழுதப்போனேன். சார் தடுத்து, ஒரு சொட்டு ரத்தத்தோடு ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும் இரண்டு சதவீத சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசல் கலந்து, கவர்ஸ்லிப் (மெல்லிய மூடுகண்ணாடி) போட்டு, ஓரமெல்லாம் நெயில் பாலிஷ் தடவி அடைக்கச் சொன்னார். காற்று புகக்கூடாது, ஆக்சிஜன் குறைந்தால்தான் குணம் தெரியும்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே அணுக்கள் கதிரரிவாளாக வளைந்திருந்தன. கேரியர்தான் (கோளாறு மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர்) என்று, ஹீமோகுளோபின் வகைகளை மின்சாரத்தால் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரெசிஸ் சோதனையில் உறுதியானது. அவளுக்குத் தொந்தரவு ஏதும் இல்லை. ஆனால் கட்டிக்கப்போகிறவரும் கேரியராக இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.

சொல்லி அனுப்பினோம். அடுத்த வாரமே பையனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.